சணல் வயலும் கணினியும்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்ற அவர், 1915இல் தாயகம் திரும்ப முற்பட்டார். முதல் உலகப்போரின் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. காத்திருந்த நாள்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தபோது, பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் ஆய்விதழின் தொகுதிகள் அவருக்கு அறிமுகமாயின. அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். அவருக்குப் புள்ளியியல் கற்பித்த முதல் ஆசிரியர் அவ்விதழே எனலாம்.

கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, அங்கிருந்த ஓர் அறையில் நண்பர் சிலருடன் கணக்கீட்டுப் பணிகளை மேற்கொண்டார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அங்கே தோன்றியது. அதன் முதலாண்டுச் செலவு 250 ரூபாயைக்கூட எட்டவில்லை!

வங்காளத்தில் சணல் எவ்வளவு விளையும் என முன்கூட்டியே அறிய வேண்டியிருந்தது. எல்லா வயல்களையும் எண்ணினாலன்றி உண்மை தெரியாது எனப் பலரும் கருதினர். பானைச் சோற்றின் பதத்தைச் சில பருக்கைகளால் அறிவது நம் வீட்டு வழக்கம். எந்தப் பருக்கையை எடுப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. மகலனோபிஸ் சிறு நிலத்துண்டுகளைக் குலுக்கல் போன்ற முறையில் தேர்ந்து, அவற்றை மட்டும் கவனமாக ஆராயச் செய்தார். 1941இல் அரசு வயல்தோறும் கணக்கெடுத்தது. அவர் மாதிரி முறையில் மதிப்பிட்டார். வணிகக் கணக்குகளோடு ஒப்பிட்டபோது அவருடைய மதிப்பீடே உண்மைக்கு நெருங்கி நின்றது. செலவோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

இன்று நீங்கள் பள்ளிக் கணினியில் எண்களை நிரப்பியவுடன் சராசரியும் திட்டவிலக்கமும் திரையில் தோன்றுகின்றன. அந்நாளில் கைப்பொறிகளைச் சுழற்றிப் பலர் பல நாள் உழைத்தே அத்தகைய விடைகளைப் பெற்றனர். ஆயினும், களப்பணியாளர் வயலுக்குச் செல்லாமலேயே ஓர் எண்ணை எழுதிவிட்டால், கணினி அதனையும் மெய்யெண்ணாகவே கொண்டு கூட்டும். இவ்விடரை மகலனோபிஸ் நன்குணர்ந்திருந்தார். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரு விடைகளும் பெரிதும் வேறுபட்டால், எங்கோ பிழை உள்ளது என அறிந்து தேடச் செய்தார்.

இம்மாதிரி முறையே 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கும் அடித்தளமாயிற்று. கணக்கீடுகள் பெருகவே, பிரிட்டனிலிருந்து ஒரு கணினி வரவழைக்கப்பட்டு 1956இல் அவரது நிறுவனத்தில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் எண்ணிமக் கணினியாக அதனையே குறிப்பிடுவர். பின்னர் சோவியத் நாட்டின் உரால் கணினியும் அங்கு வந்து சேர்ந்தது.

மகலனோபிஸ் தம் 79ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளான 1972 ஜூன் 28 அன்று மறைந்தார். 2007 முதல் அவருடைய பிறந்தநாள் நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.