பிரித்துப் பார்த்தே படித்தவர் – ஜி.டி. நாயுடு

நம் சோமனூருக்குப் பக்கத்தில், சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர், அதுபோல் ஒன்று வாங்க ஆசைப்பட்டார். கோவை ஓட்டலில் வேலை செய்து, பணம் சேர்த்து வாங்கினார். உடனே அதைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் பழகினார். அதுவே அவருக்குக் கல்லூரி.

1920-இல் பொள்ளாச்சி – பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸை விட்டு, தாமே ஓட்டினார். அதுதான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமானது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக மின் மோட்டார் தயாரித்தார்.

1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி அமையக் காரணமாக இருந்து, அதற்கு முதல்வரும் ஆனார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டே வருடம் போதும் என்றார். அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னது சரியா என்று இன்றும் விவாதிக்கலாம்.

1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

நம் ஊர் விசைத்தறியை ஓட்டுவதும், நம் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் மோட்டார்தான். வீட்டில் பிள்ளைகள் பழைய மிக்சியைப் பிரித்துப் போட்டால் திட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டார்களா என்று மட்டும் பாருங்கள். லீவு நாளில் அவிநாசி ரோட்டிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை கூட்டிப் போங்கள்.