ஓய்வை மறுத்த மலைப்பாட்டி

நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டப்பட்ட 1950-களில், அதே தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கெல்லையான கல்வராயன் மலையிலும் அதற்கப்பால் கொல்லிமலையிலும் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார், எழுபதைக் கடந்த ஓர் ஆங்கிலேய மூதாட்டி. அவர் எவலின் பிராண்ட்.

லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர். 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலை ஏறினார். அங்கு வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் மருந்தைப் பெற்றுக்கொண்டனர், மதத்தை ஏற்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்து, நோயுற்ற ஊர்ப் பூசாரி தம் குழந்தையை இத்தம்பதியரிடம் ஒப்படைத்து இறந்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கிற்று. மதம் பரப்பவே அவர்கள் வந்தனர் என்பதை மறைத்து, வெறும் தொண்டர்களாகக் காட்டுவது நேர்மையன்று. ஆயினும் மதம் ஏற்காதவர்க்கும் மருந்து மறுக்கப்படவில்லை.

1929-இல் மலேரியாவால் விளைந்த கொடுங்காய்ச்சலில் ஜெஸ்ஸி மறைந்தார். எவலின் மீண்டும் இந்தியா வந்தார். ஏறத்தாழ எழுபது வயதில் மிஷன் அமைப்பு அவருக்கு ஓய்வளித்தது. அவரோ தனியாக மலைக்கே திரும்பினார். இடுப்பெலும்பு முறிந்த பின்னும் இரு கழிகளை ஊன்றி நடந்தார். நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கக் குடிநீரைத் தூய்மையாக்குமாறு ஊர்தோறும் வலியுறுத்தினார். அவருடைய மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார். தாயை மலையிலிருந்து இறக்க அவராலும் இயலவில்லை.

1974-இல், 95-ஆம் வயதில் எவலின் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.