பிள்ளை நலம் பேணிய பெருமாட்டி

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணம், தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமாகிய பிரகதாம்பாள் எழுந்தருளியுள்ள ஊர். அவ்வூரில் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் நாராயணசாமி, சந்திரம்மாள் இணையருக்கு மகளாகப் பிறந்தவர் முத்துலட்சுமி. பெண் கல்வியை ஊரார் பழித்த காலம் அது. ஆயினும் தந்தையின் துணையால் அவர் வீட்டிலிருந்தே மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார். மாணவர் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் புறந்தள்ளி இசைவு அளித்தார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். அந்நாளில் நோயுற்ற குழந்தையின் வீடு பெரிதும் செய்வதறியாது தவித்தது. சான்றாக, சர்க்கரை நோய் கண்ட குழந்தையைக் காக்க அன்று மருந்தே இல்லை. 1922-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. எனினும் மருந்து கண்டறியப்படுவது வேறு. அஃது ஏழையின் குழந்தையைச் சென்றடைவது வேறு. இவ்விடைவெளியைக் குறைக்கும் பணியையே முத்துலட்சுமி தம் வாழ்நாட் கடமையாகக் கொண்டார்.

1925-இல் அவர் இலண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிய உயர் பயிற்சி பெற்றார். நாடு திரும்பியதும் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு வேண்டும் என்றும், பள்ளி மாணவர்க்கு முறையான மருத்துவச் சோதனை வேண்டும் என்றும் அவையில் வலியுறுத்தினார். தன் நோவைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, வீட்டில் தாயும் பள்ளியில் ஆசிரியரும் மருத்துவமனையில் மருத்துவரும் கண்ணாக விளங்க வேண்டும். இம்மூவரையும் இணைக்கும் வழியாக அக்கோரிக்கைகள் அமைந்தன.

தேவதாசி முறையை ஒழிக்கவும் அவர் போராடினார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930-இல் மேலவைப் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற சிறுமியர்க்கு இடந்தர விடுதிகள் தயங்கிய சூழலில், அவர்களுக்காக அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். குடும்பமே இல்லாத குழந்தைக்குக் குடும்பமாக அவ்வில்லம் நின்றது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்ற எதிர்ப்புக்கும் அவர் தளரவில்லை. பலரிடமும் பொருள் திரட்டினார். 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பணியைத் தொடங்கியது. 1956-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது. 1968-இல் அவர் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

சர்க்கரை நோயுற்ற பிள்ளைக்கு நாள்தோறும் இன்சுலின் செலுத்தும் பெற்றோர் இன்றும் பலர் உளர். மருந்தொடு பள்ளியின் அக்கறையும் சமூகத்தின் துணையும் கூடினால்தான் அவர்கள் சுமை குறையும். குழந்தையின் பிணியைக் குடும்பம் மட்டுமே சுமக்கலாகாது என்பதை முத்துலட்சுமி அம்மையாரின் தொண்டு உணர்த்துகிறது.