சகோதரி நிவேதிதை அம்மையார்

சுவாமி விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே யாழ்ப்பாணத்திற்கு எழுந்தருளிப் பிரசங்கம் புரிந்தமை சைவ நன்மக்கள் அறிந்ததே. மறு வருஷம் ஜனவரி 28 ந் தேதி, அவர்தம் மாணவியாராய்க் கல்கத்தாவில் வந்திறங்கியவர் மார்க்கரெட் நோபிள் என்னும் ஐரிஷ் மாது. அயர்லாந்து தேசத்து டங்கனன் என்னும் ஊரிலே, 1867 இல், கிறிஸ்துமத போதகர் ஒருவருக்குப் புத்திரியாய்ப் பிறந்து, இலண்டனிலே பாடசாலை நடாத்தியவர். மார்ச்சு 25 ந் தேதி பிரமசரிய தீக்ஷை பெற்று நிவேதிதை ஆயினார். அவர் எழுதிய நூல்களின் பெருமையைப் பலரும் பேசுவர். நாம் ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தது 1899 ஆம் ஆண்டிலே சில வாரங்களில் நிகழ்ந்ததையேயாம்.

வட கல்கத்தாவிலே பாகுபஜார்ப் பகுதியில், போசுபாரா ஒழுங்கையிலுள்ள ஒரு வீட்டில், 1898 நவம்பர் 13 ந் தேதி, சாரதாமணி தேவியார் ஆசீர்வதிக்க, அம்மையார் பெண்பாடசாலை தொடங்கினார். அயலிலே சேரிகள் நெருங்கிக் கிடந்தன. அவ்வருஷமே பிளேக் என்னும் கொள்ளைநோய் நகரிலே தலைகாட்டிற்று. சனங்கள் நோய்க்கு அஞ்சியதினும் அரசாங்கத்தார் விதித்த கட்டுப்பாடுகளுக்கே மிக அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். 1899 இல் நோய் மீண்டும் பரவ, இராமகிருஷ்ண சங்கத்தார் மார்ச்சு 31 ந் தேதி தொண்டு தொடங்கினர். அம்மையார் காரியதரிசி, சதானந்த சுவாமிகள் தலைவர். சுவாமிகள் தோட்டிகளைத் துணைக்கொண்டு சேரிகளிற் குவிந்த குப்பையை அகற்றிக் கான்களைத் துப்புரவாக்கினார். எலிகளின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியே இந்நோயைப் பரப்புவதென்பது அக்காலத்து வைத்தியர் யாவரும் ஒப்பிய உண்மையன்று. ஆயினும் குப்பை ஒழிந்த இடத்தில் எலியும் குறைதலின், அவ்வேலை வீண்போகவில்லை.

ஆள் போதாத நாளொன்றிலே, அம்மையார் தாமே விளக்குமாறும் கூடையுங் கொண்டு ஒழுங்கையைக் கூட்டலானார். அதுகண்டு நாணிய அயல் இளைஞர் தாமும் வந்து கூட்டினர். ஏப்ரில் மாதத்திலே, விவேகானந்த சுவாமிகள் தலைமையில், மாணவர் கடமையைப் பற்றி அவர் பேசியபின், 15 மாணவர் வரையில் தொண்டிற் சேர்ந்தனர்.

ராதாகோவிந்த கர் என்னும் வைத்தியர் கண்டு கூறியது இதனினும் பெரிது. சேரியிலே பிளேக் கண்ட குழந்தையொன்றைக் காலையிலே பார்த்து, அம்மையாருக்கு எச்சரிக்கை பல சொல்லிப்போன அவர், பிற்பகலில் திரும்பிவந்தபொழுது, ஈரங் கசியுங் குடிசையிலே அக்குழந்தையை மடிமேற் கிடத்தி அம்மையார் இருக்கக் கண்டார். இரவும் பகலும் அவர் அவ்விடம் விட்டு நீங்கினாரல்லர். குடிசையைச் சுத்திசெய்ய வேண்டியபோது, தாமே சிற்றேணி மேலேறிச் சுவருக்கு வெள்ளையடித்தார். பிழையாதென்று தெரிந்தபின்னும் பணிவிடை குறையவில்லை. இரண்டு நாளின்பின் குழந்தை அவர் கையிலேயே இறந்தது. வேறொரு நோயாளிக்கு மருந்து வாங்கப் பணமில்லாதபோது, தாம் அருந்தும் பாலை நிறுத்தி, அப்பணத்தைக் கொடுத்தனராம்.

நோயாளரைத் தொட்டுப் பேணுதல் கிறிஸ்தவருக்கே உரிய குணமென்றும், அது சைவரிடத்து இல்லையென்றும், மிஷன் பாடசாலையில் நமது பிள்ளைப்பருவத்திலே நம் செவியிற் பலகால் ஓதினர். அதற்கு நம்மவர் நூல்களிலிருந்து விடை காட்டினர். பாகுபஜார் வாசிகளும் நூல் அறியாதவரல்லர். நாடோறும் கங்கையில் முழுகிப் பூசை செய்தவரே. ஆனால் ஒழுங்கையைக் கூட்டுதல் தாழ்ந்தோர் தொழிலென்று திண்ணையில் நின்றனர். நமது கிராமங்களிலும் திண்ணைகள் உள.

1906 இல் கிழக்கு வங்காளத்திலே வெள்ளமும் பஞ்சமும் நேர, அம்மையார் அவ்விடஞ் சென்று உழைத்து, மீண்டுவந்து மலேரியாச் சுரத்தில் வீழ்ந்தார். அதன்பின் அவருடைய தேகம் பழைய நிலையை அடையவில்லை. 1911 அக்டோபர் 13 ந் தேதி, 44 வயது நிரம்புமுன், டார்ஜிலிங்கிலே தேகவியோகமானார். தம் பொருள் பெண்கல்விக்கே ஆகுக என்று மரணசாதனம் எழுதிவைத்திருந்தார். அவர் தொடங்கிய பாடசாலை பாகுபஜாரிலே அவர் பெயராலேயே நடைபெற்றுவருகின்றது.