சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியாவின் புகழ்பெற்ற காற்பந்தாட்டப் பயிற்றுநர் ஆவார். ஐதராபாத்தைச் சேர்ந்த இவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். வீரர்கள் இவரை ரகீம் சாகிப் என்று அழைத்தனர். 1950 முதல் தாம் இறக்கும் வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சி அளித்தார். இவரது பயிற்சியில் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது; 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

களத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, குறுகிய தூரத்தில் பந்தை விரைவாகக் கைமாற்றும் பரந்த தாக்குதல் முறையை இந்தியாவில் வளர்த்தவர் ரகீம். இவர் காலத்தில் பெரும் வெற்றிகளைத் தந்த அம்முறை, இவருக்குப் பின் இந்தியாவில் நீடித்து நிலைக்கவில்லை. இதனால் இவரது வாழ்க்கை, ஓர் ஆட்டமுறை எவ்வளவு காலம் வெற்றி தரும் என்ற கேள்வியோடு சேர்த்தே நோக்கப்படுகிறது.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணிக்காகக் காற்பந்தாட்டமும் ஆடினார். பட்டம் பெற்ற பின் ஐதராபாத்தின் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார்.

1940களின் தொடக்கத்தில் ஐதராபாத் காற்பந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்புக்கு வந்தார். இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். பள்ளி, சங்கம், அணி ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் கண்காணிப்பில் இருந்தது ஐதராபாத்தின் பிற்கால வெற்றிகளுக்கு அடித்தளமாக அமைந்தது. பள்ளியில் கண்டெடுத்த சிறுவனை நகரப் போட்டிகளில் ஆடவைத்து, காவல்துறை அணிக்கும் பின்னர் தேசிய அணிக்கும் கொண்டு செல்ல அவரால் முடிந்தது.

ஐதராபாத் காவல்துறை அணி

1950 இல் ரகீம் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநரானார். அக்காலத்தில் இந்தியக் காற்பந்தாட்டத்தின் தலைநகரமாகக் கல்கத்தா கருதப்பட்டது. மோகன் பாகன், கிழக்கு வங்காளம், முகம்மதியன் ஸ்போர்ட்டிங் ஆகிய கழகங்கள் பெரும் கூட்டத்தையும் பணவசதியையும் பெற்றிருந்தன. காவலர்களைக் கொண்ட ஐதராபாத் அணிக்கு அத்தகைய வசதிகள் இல்லை.

ஆயினும் பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை இவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. டுராண்ட் கோப்பையை 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றியது. ஆந்திரக் காவல்துறை அணி என்ற பெயரில் 1961 இல் மீண்டும் அக்கோப்பையை வென்றது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை ஐதராபாத் அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களில் அடுத்தடுத்து வென்றது.

பயிற்சி முறை

ரகீமின் பயிற்சி முறை அக்கால இந்திய வழக்கத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு எதிரணியினரை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்துச் செல்லும் திறமையே அப்போது பெரிதும் பாராட்டப்பட்டது. ரகீம் அத்திறமையை இகழவில்லை. ஆனால் ஒருவர் பந்துடன் ஓடுவதைவிடப் பந்து வீரர்களிடையே ஓடுவது விரைவானது என்பதை வலியுறுத்தினார்.

இதற்காக அவர் ஐதராபாத்தில் புதுவகைப் போட்டிகளை நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு எதிராளியை ஏய்த்துச் செல்வதற்குத் தடை விதிக்கப்பட்ட போட்டிகள் அவற்றுள் ஒருவகை. இவற்றில் பந்து கிடைத்தவுடன் அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். வலிமை குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடைய போட்டிகள் மற்றொரு வகை. வயது, உயரம் ஆகியவற்றின் அடிப்படையில் பிரிக்கப்பட்ட சிறுவர் போட்டிகளும் நடத்தப்பட்டன.

இப்போட்டிகளின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. இரு கால்களாலும் ஆடத் தெரிந்தவர், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நின்று திரும்ப வேண்டியதில்லை. அதனால் தாக்குதல் களத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு நொடிப்பொழுதில் மாறும். எதிரணியின் தடுப்பு வரிசை விரியும். அதன் இடையே வெற்றிடம் தோன்றும்.

இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ரகீம் மிகுந்த அக்கறை காட்டினார். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமன், வறுமையால் பயிற்சிக்கு வர இயலாத நிலையில் இருந்தார். நாள்தோறும் மிதிவண்டி வாடகைக்கு ரகீம் பணம் கொடுத்து அவரை வரவழைத்தார். பலராமன் பின்னர் இரு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களுள் ஒருவராக விளங்கினார்.

தேசிய அணி

1951 இல் புதுதில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரகீமின் பயிற்சியில் இந்திய அணி களம் இறங்கியது. சைலேன் மன்னா அணித்தலைவராக இருந்தார். இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த கோலினால் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பெரும் தோல்வி ஏற்பட்டது. யுகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். இத்தோல்விக்குப் பின் அகில இந்தியக் காற்பந்தாட்டக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

தோல்விக்குக் காலணி மட்டும் காரணம் அன்று. இந்தியாவில் அப்போது 2-3-5 என்ற பழைய அமைப்பே வழக்கில் இருந்தது. இதில் பின்களத்தில் இருவர், நடுவில் மூவர், முன்களத்தில் ஐவர் நிற்பர். 1925 இல் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்ட பின் ஐரோப்பிய அணிகள் மூன்றாவது பின்காப்பாளரைச் சேர்த்துக்கொண்டன. விரிந்து தாக்கும் அணியின்முன் இரு பின்காப்பாளர்கள் போதமாட்டார்கள் என்பதை ஹெல்சின்கி தெளிவாக உணர்த்தியது.

1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடியது மாறுபட்ட ஆட்டமாகும். ஹங்கேரி விலகியதால் முதல் சுற்றில் ஆடாமலே இந்தியா முன்னேறியது. காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் என்ற பெருமையைப் பெற்றார். அரையிறுதியில் மீண்டும் யுகோஸ்லாவியாவை எதிர்கொண்ட இந்தியா, முதல் கோலைத் தானே அடித்தது; ஆயினும் 4-1 என்ற கணக்கில் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்ற கணக்கில் தோற்று நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் இந்தியா எட்டிய உயர்ந்த நிலை இதுவாகும்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பி. கே. பானர்ஜி அணித்தலைவராக இருந்தார். தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் அணியில் இடம்பெற்றார். ஹங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில் தோற்ற இந்தியா, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 3-1 என்ற கணக்கில் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது. இதன் பின் இந்தியக் காற்பந்தாட்ட அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

ஆட்ட அமைப்பு

ரகீமின் பெயருடன் சேர்த்துக் கூறப்படும் அமைப்பு 4-2-4 ஆகும். இதில் நால்வர் பின்களத்திலும், இருவர் நடுக்களத்திலும், நால்வர் முன்களத்திலும் நிற்பர். முன்கள வீரர்களில் இருவர் களத்தின் இரு ஓரக்கோடுகளையும் ஒட்டி ஆடுவதால் எதிரணியின் தடுப்பு வரிசை அகல விரிய நேரிடும். பிரேசில் 1958 உலகக்கோப்பையில் இவ்வமைப்பைப் புகழ்பெறச் செய்வதற்கு முன்பே ரகீம் இதைக் கையாண்டார் என்று இந்தியக் காற்பந்தாட்ட வரலாற்றில் கூறப்படுகிறது.

இவ்வமைப்பு தனியொருவரின் கண்டுபிடிப்பு அன்று. 1950களில் ஹங்கேரி அணி தன் நடு முன்கள வீரரைப் பின்னே இழுத்து ஆடவைத்தது. அவரைத் தொடர்ந்து வந்த எதிரணிப் பின்காப்பாளர் தம் இடத்தை விட்டு விலக, அந்த இடைவெளியில் மற்றவர்கள் புகுந்தனர். 1953 இல் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் ஹங்கேரி வென்றது இம்முறையால்தான். ரகீமின் சிறப்பு, உலகில் தோன்றிய புதிய சிந்தனையைக் காலந்தாழ்த்தாது உள்வாங்கி, தம் வீரர்களின் உடல்வாகுக்கு ஏற்ப மாற்றியமைத்ததில் உள்ளது. உயரமும் உடல்வலிமையும் குறைந்த இந்திய வீரர்களுக்கு உயரப் பந்துகளைவிடத் தரையோடு செல்லும் குறுகிய பந்துமாற்றமே ஏற்றதாக இருந்தது.

4-2-4 அமைப்புக்கு ஒரு குறை உண்டு. பந்தை இழந்தவுடன் நடுக்களத்தில் இருவர் மட்டுமே எஞ்சுவர். மூவரை நடுவில் நிறுத்தும் அணி அவர்களை எளிதில் சூழ்ந்துகொள்ளும். ஆகவே முன்கள வீரர்கள் திரும்பி ஓடி உதவ வேண்டும். அதற்கு உடல்தாங்குதிறன் மிகுதியாகத் தேவை.

ஜகார்த்தா, 1962

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை ஆயத்தப்படுத்தியபோது ரகீம் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். சுனி கோஸ்வாமி அணித்தலைவராக இருந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 2-0 என்ற கணக்கில் தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றது.

தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. அவரை அரையிறுதியில் நடு முன்கள வீரராக ரகீம் நிறுத்தினார். தெற்கு வியட்நாமை இந்தியா 3-2 என்ற கணக்கில் வென்றது. ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, 1962 அன்று இறுதி ஆட்டம் நடைபெற்றது. இஸ்ரேல், தைவான் ஆகியவற்றை இந்தோனேசியா போட்டியில் சேர்க்காததை இந்திய விளையாட்டு நிருவாகி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்ததால், அரங்கில் இந்தியாவுக்கு எதிராகக் கடும் கூச்சல் எழுந்தது. செகந்தராபாத்தில் பிறந்த தமிழரான பீட்டர் தங்கராஜ் கோல் காவலராக ஆடினார். இவர் வெலிங்டனில் அமைந்த மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடியவர். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் 20 நிமிடங்களுக்குள் ஆளுக்கொரு கோல் அடித்தனர். தென்கொரியா பிற்பகுதியில் ஒரு கோல் அடித்தது. 2-1 என்ற கணக்கில் இந்தியா தங்கம் வென்றது.

மறைவு

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ஓராண்டு நிறைவதற்குள், ஜூன் 11, 1963 அன்று, ரகீம் தமது 53 ஆம் வயதில் காலமானார். இவருடைய மகன் சையது சாகித் ஹக்கீம் (1939–2021) ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பின்னர் பன்னாட்டு நடுவராகவும் பயிற்றுநராகவும் பணியாற்றினார். பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985 இல்தான் ஏற்படுத்தப்பட்டது. ரகீமின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்தது.

ஆட்டமுறையின் நிலைபேறு

ரகீமின் மறைவுக்குப் பின் இந்தியக் காற்பந்தாட்டம் உடனே வீழ்ந்துவிடவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி ரைட்டின் பயிற்சியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற அணிக்கு ஐதராபாத்தின் சையது நயிமுதீன் தலைவராக இருந்தார். ரகீமின் மாணவரான பி. கே. பானர்ஜி பயிற்றுநர்களுள் ஒருவர். ரகீமிடம் பயின்றவர்கள் களத்தில் இருந்தவரை அவரது முறையும் ஓரளவு உயிருடன் இருந்தது என்பதை இவ்வெற்றிகள் காட்டுகின்றன. 1970க்குப் பின் ஆசிய விளையாட்டுக் காற்பந்தாட்டத்தில் இந்தியா பதக்கம் பெறவில்லை.

இதற்குப் பரந்த தாக்குதல் முறை காலாவதியானது மட்டுமே காரணம் என்று கூற இயலாது. 4-2-4 அமைப்பு உலகெங்கும் சில ஆண்டுகளிலேயே மாறியது. 1962 உலகக்கோப்பையில் பிரேசிலின் சகாலோ முன்களத்திலிருந்து பின்வாங்கி நடுக்களத்தில் மூன்றாமவராக ஆடினார். 1966 இல் இங்கிலாந்து ஓர முன்கள வீரர்கள் இன்றியே உலகக்கோப்பையை வென்றது. ஆனால் களத்தை அகலப்படுத்தி வெற்றிடம் காணும் கொள்கை அழியவில்லை. 1970களில் நெதர்லாந்து அணி அதை வேறொரு வடிவில் கையாண்டது. வீரர்களை வரிசை எண்களில் அடுக்கும் அமைப்பு மாறக்கூடியது. அதன் அடிப்படைக் கொள்கை நீடிக்கக்கூடியது என்பதை இவை உணர்த்துகின்றன.

ரகீமும் ஒரே அமைப்பைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. 1951 இல் வென்ற முறை 1952 இல் தோற்றபோது அதை மாற்றினார். 1962 இல் பின்காப்பாளரை முன்களத்துக்கு அனுப்பினார். மாறாமல் இருந்தவை இரு கால் பயிற்சியும், விரைந்த பந்துமாற்றமும், பள்ளிச் சிறுவர்களிடமிருந்து தொடங்கும் தேடலும் ஆகும். இவையே அவருக்குப் பின் தொடரப்படாமல் போயின. உள்நாட்டு ஆட்டங்கள் நீண்ட காலம் 90 நிமிடங்களுக்குக் குறைவாகவே நடத்தப்பட்டதால் வீரர்களின் தாங்குதிறனும் உலகத்தரத்தை எட்டவில்லை. ஐதராபாத்தில் பள்ளி, சங்கம், அணி ஆகியவற்றை இணைத்தது ஒரு தனிமனிதரின் உழைப்பே. அவ்விணைப்பை நிறுவனங்கள் எடுத்து நடத்தவில்லை.

வெற்றிகள்

இந்திய அணி
* ஆசிய விளையாட்டுப் போட்டி, தங்கம்: 1951, 1962
* ஒலிம்பிக், நான்காம் இடம்: 1956

ஐதராபாத் காவல்துறை அணி
* ரோவர்ஸ் கோப்பை: 1950, 1951, 1952, 1953, 1954
* டுராண்ட் கோப்பை: 1950, 1954, 1957, 1961 (ஆந்திரக் காவல்துறை என்ற பெயரில்)

ஐதராபாத் மாநில அணி
* சந்தோஷ் கோப்பை: 1956-57, 1957-58