பியர் ஆலைக்குப் பக்கத்து வீட்டுப் போதகர்

மீன் தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் பலருக்கும் ஒரு கைமருந்து தெரியும். பழைய சோடாப் போத்தல் ஒன்றில் சீனியும் இளஞ்சூட்டு நீரும் பாணுக்குப் போடும் ஈஸ்ட் கொஞ்சமும் சேர்த்து, மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையைத் தொட்டிக்குள் விடுவது. சில மணி நேரத்தில் குமிழிகள் வரத் தொடங்கும். அவை காபனீரொட்சைட்டு, செடிகள் உணவு தயாரிக்க அது வேண்டும். உக்குவளையில் எங்கள் வீட்டுத் தொட்டியிலும் இந்த ஏற்பாடுதான். வாயுச் சிலிண்டரும் அமுக்கமானியும் வாங்க வசதியில்லாதவர்களின் வழி இது.

நொதிக்கும்போது ஒரு வாயு வருகிறது, அது நீரில் கரைகிறது, செடிக்கும் காற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. இந்த மூன்றையும் சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் தன் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. பாடசாலையில் ஒட்சிசனைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு வரியில் அவரைப் படித்தேன். அவருடைய வீடு எரிக்கப்பட்ட கதை அந்த வரியில் இருக்கவில்லை.

1733இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து அத்தை வீட்டில் வளர்ந்தார். பேச்சில் திக்கல் இருந்தது, ஆனாலும் போதகரானார். அரசு ஏற்ற திருச்சபையைச் சேராத குடும்பம் என்பதால் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பட்டங்கள் அவருக்கு எட்டாதவை. மாற்றுச் சபையினர் நடத்திய கல்விக்கூடத்தில் படித்தார். பின்னர் அப்படியான ஒன்றில் ஆசிரியரானார்.

1767இல் லீட்ஸில் ஒரு தேவாலயத்தின் பொறுப்பை ஏற்றபோது, குடியிருக்கக் கிடைத்த வீடு ஒரு பியர் ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வாயு படிந்து நிற்பதை அவர் கவனித்தார். எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்தது. ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக் 1750களிலேயே இந்த வாயுவை ஆராய்ந்திருந்தார். பிரீஸ்ட்லி செய்தது வேறு. அந்தத் தொட்டிக்கு மேலே இரண்டு பாத்திரங்களைப் பிடித்து நீரை மாறி மாறி ஊற்றினார். தேநீர் ஆற்றுவது போலத்தான். வாயு நீரில் கரைந்து, நாக்கில் சுர்ரென்று ஏறும் நீர் கிடைத்தது.

பின்னர் அந்த வீட்டை விட்டு மாற வேண்டி வந்தது. ஆலை இல்லாத இடத்தில் வாயுவுக்கு எங்கே போவது? சுண்ணக்கட்டியில் அமிலத்தை ஊற்றி வீட்டிலேயே தயாரித்துக்கொண்டார். 1772இல் அந்தச் செய்முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. கடலோடிகளின் ஸ்கேர்வி நோயை அந்த நீர் தீர்க்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. சோடா மட்டும் நிலைத்தது. அடுத்த ஆண்டு றோயல் சங்கம் அவருக்குக் கொப்லி பதக்கம் கொடுத்தது. சோடாவில் காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார்.

1771 ஓகஸ்ட் 17ஆம் திகதி, மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாக் கொப்பை வைத்து மூடினார். பத்து நாள் கழித்து அதே காற்றில் இன்னொரு மெழுகுதிரி எரிந்தது. கெட்ட காற்றைச் செடி சீராக்குகிறது என்பது தெரிந்தது. அதற்கு வெளிச்சம் தேவை என்று 1779இல் தெளிவாகக் காட்டியவர் டச்சுக்காரரான இங்கன்ஹவுஸ். இரவில் செடிகளும் காபனீரொட்சைட்டையே வெளிவிடுகின்றன. போத்தலும் இரவு முழுக்க ஊதிக்கொண்டிருந்தால் மீன்கள் மூச்சுக்காக நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடும். அதனால் விளக்கு அணைந்ததும் குழாயைத் தொட்டிக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். குழாயை அடைக்கக் கூடாது, போத்தல் வெடித்துவிடும்.

1774 ஓகஸ்ட் 1ஆம் திகதி பாதரச ஒட்சைட்டைச் சூடாக்கி, நாம் ஒட்சிசன் என்று அழைக்கும் வாயுவைப் பிரித்தார். சுவீடனின் ஷீலே அதை முன்னரே கண்டிருந்தார், ஆனால் வெளியிடவில்லை. அதைச் சரியாக விளக்கியவர் பிரான்சின் லவோசியே. பிரீஸ்ட்லியோ பழைய புளோஜிஸ்தன் கொள்கையைச் சாகும்வரை விடவில்லை. எல்லாவற்றையும் கேள்வி கேட்டவர் அதை மட்டும் கைவிடாதது அவர் வாழ்வின் விசித்திரம்.

1780இல் பேர்மிங்ஹாம் சென்றார். திரித்துவத்தை ஏற்காத போதகர், மாற்றுச் சபையினருக்குச் சம உரிமை கேட்டவர், அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகளை ஆதரித்தவர். இவ்வளவும் போதுமாக இருந்தது. 1791 ஜூலை 14, பஸ்தீல் சிறை வீழ்ந்த நாளை நினைத்து நகரில் ஒரு விருந்து நடந்தது. பிரீஸ்ட்லி அதற்குப் போகவில்லை. ஆனாலும் திருச்சபையின் பெயரையும் அரசரின் பெயரையும் கூவிக்கொண்டு வந்த கூட்டம் அவருடைய தேவாலயத்தை எரித்தது. பிறகு வீட்டுக்கு வந்தது. அவரும் மனைவியும் சற்று முன்னர்தான் தப்பியிருந்தார்கள். நூலகமும் ஆய்வுகூடமும் பல ஆண்டுகளின் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. கலவரம் சில நாட்கள் நீடித்தது. கேட்ட இழப்பீடு முழுமையாகக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தை வாசிக்கும்போது நம்மில் யாருக்கும் 1981 நினைவுக்கு வராமல் போகாது. யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. உலகில் ஒரே பிரதியாக இருந்தவை அன்றோடு இல்லாமல் போயின. பேர்மிங்ஹாமிலும் மேசை அறைக்குள் பூட்டியிருந்தவை திரும்பவில்லை. ஆனால் சோடா செய்யும் முறையும் புதினாக் கொப்பின் சோதனையும் ஏற்கனவே அச்சில் ஏறி ஊர் ஊராகப் போயிருந்தன. கூட்டத்தின் கைக்கு அவை எட்டவில்லை.

லண்டனிலும் நிம்மதி கிடைக்கவில்லை. 1794இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் நடுக்கடலில் இருந்தபோது பாரிசில் லவோசியேயின் தலை துண்டிக்கப்பட்டது. பென்சில்வேனியாவின் நோதம்பர்லாந்து என்ற சிற்றூரில் வீடும் ஆய்வுகூடமும் கட்டினார். ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு மகனையும் மனைவியையும் இழந்தார். சோதனைகளை நிறுத்தவில்லை. 1804 பெப்ரவரி 6ஆம் திகதி அங்கேயே காலமானார்.

1874இல், ஒட்சிசனின் நூற்றாண்டுக்காக அமெரிக்க இரசாயனவியலாளர்கள் அந்த ஊரில் கூடினார்கள். அமெரிக்க இரசாயனக் கழகம் பிறக்க வித்திட்டது அந்தக் கூட்டம்தான். பேர்மிங்ஹாம் நகரமும் அவருக்குச் சிலை வைத்தது.