இருதயத்தின் வழி கண்ட ஹகீம் இப்னு நபீஸ் (ரஹ்)

கிள்ளானிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர் இருவர் சந்தித்தால், சரக்கு விலைக்கு அடுத்தபடி பேச்சு இரத்த அழுத்தத்தில் வந்து நிற்கிறது. கோலாலம்பூரில் 1992-ல் தொடங்கிய தேசிய இருதய நிலையத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பியோரும் நம்மில் உண்டு. ஆயினும் இருதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று மீளும் வழியை எழுதி வைத்த முன்னோடி, நமது மார்க்க அறிஞர் ஒருவர் என்பதை நாம் மறந்திருக்கிறோம்.

அலாவுத்தீன் இப்னு நபீஸ் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தவர். அங்குள்ள நூரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயின்று, பின்னர் கெய்ரோ சென்று, எகிப்து நாட்டு வைத்தியர்களுக்கெல்லாம் தலைவரானார். மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாபிஈ பிக்ஹுப் பாடமும் நடத்தினார். நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபு அதுவே.

இருதயம் நடுவே சுவர் உள்ள ஒரு தசைப்பை. உடலெங்கும் சுற்றிக் கறுத்து வரும் இரத்தத்தை வலப்பக்கம் வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். அங்கே காற்றேறிச் சிவந்த இரத்தத்தை இடப்பக்கம் வாங்கி உடலுக்கு அனுப்பும். உள்ளே இருக்கும் கதவுகள் ஒரு பக்கமே திறப்பதால் போன இரத்தம் பின்வாங்காது. ஓய்ந்திருக்கும் மனிதனுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு!

அக்காலத்தில் இது தெரியாது. நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்று 2-ஆம் நூற்றாண்டில் யவன வைத்தியர் ஜாலீனூஸ் சொல்லிவிட்டுப் போனார். ஆயிரம் ஆண்டுகள் உலகம் அதை நம்பியது. மாமேதை இப்னு ஸீனாவும் அவ்வழியே சென்றார். அவருடைய கானூன் நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதப் புகுந்த இப்னு நபீஸோ, சுவர் கெட்டியானது, அதில் எத்துளையும் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியேதான் இடப்பக்கம் சேர வேண்டும் என்று துணிந்து எழுதினார். உரைகாரர் மூலத்தையே மறுப்பது சிறிய காரியமா? இருதயம் தன் தசைக்குள் ஓடும் நாளங்களாலேயே போஷிக்கப்படுகிறது என்றும் சொன்னார். இன்று மாரடைப்பு என்று நாம் அஞ்சுவது அந்நாளங்கள் அடைபடுவதைத்தான்.

ஷரீஅத்தும் தம் இரக்கமும் தடுத்தமையால் உடலை அறுத்துப் பார்ப்பதைத் தவிர்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். எனினும் அவர் தரும் விவரங்களைப் பார்த்தால், ஆடுமாடுகளின் இருதயத்தையாவது கையிலெடுத்துப் பார்த்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒருநாள் பொதுக் குளிப்பறையில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வெளியே வந்து, மையும் காகிதமும் வரவழைத்து, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு நூலையே எழுதி முடித்துவிட்டு மீண்டும் குளிக்கப் போனாராம். அவர் சரித்திரம் எழுதியோர் இதைக் குறித்துள்ளனர்.

ஐரோப்பாவில் 1553-ல் செர்வெட்டஸ் நுரையீரல் வழியை எழுதினார். இரத்தம் உடல் முழுதும் வட்டமிடுவதை 1628-ல் நிறுவியவர் ஹார்வி. அதையும் இப்னு நபீஸே கண்டார் என்று மேடையில் முழங்கும் நம்மவர், இல்லாத சரக்குக்குப் பில் போடுகிறார்கள். அவர் கண்டது நுரையீரல் வழி, அதுவே பெரிது. அந்த உரையும் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1924-ல் ஜெர்மனியில் பயின்ற எகிப்திய டாக்டர் முஹ்யித்தீன் தத்தாவி பெர்லின் நூலகத்து ஏட்டிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகே உலகத்தின் கண்ணில் பட்டது.

ஹிஜ்ரி 687-ல், அதாவது 1288 டிசம்பரில், அவர் நோயுற்றார். மருந்தாக ஒயின் அருந்தும்படி உடனிருந்த வைத்தியர்கள் கூறினர். அது வயிற்றிலிருக்க அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பாமல் மறுத்துவிட்டார். அவர் மணம் முடிக்கவில்லை. தம் வீட்டையும் நூல்கள் யாவையும், சுல்தான் கலாவூன் நான்காண்டுகளுக்கு முன் கட்டியிருந்த மன்சூரி ஆஸ்பத்திரிக்கு வக்ஃபாக எழுதி வைத்திருந்தார்.